எட்டுக் கோப்பைத் தேநீரும் இரண்டு பிழைகளும்

நேயர்களுக்கு வணக்கம். பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், நம்மில் பலரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். 1920களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், பாசிகளை ஆராய்ந்துவந்த மியூரியல் பிரிஸ்டல் அம்மையார் அப்படிச் சொன்னபோது, அங்கே பணியாற்றிய புள்ளியியலாளர் ரொனால்டு பிஷர் அதை எவ்வாறு சோதிப்பது என்று யோசித்தார். பால் முந்தியவை நான்கு, தேநீர் முந்தியவை நான்கு என எட்டுக் கோப்பைகளைக் குலுக்கல் முறையில் கலந்து கொடுத்தால், பால் முந்திய நான்கையும் அம்மையார் பிரித்துக் காட்ட வேண்டும்.

அவருக்கு அத்திறமை இல்லவே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். இதற்குத்தான் இன்மை எடுகோள் என்று பெயர். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் இருப்பதால், குருட்டாம்போக்கில் நான்கும் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்பே உண்டு. நான்கில் ஒன்று தவறினாலும் போகட்டும் என்று தாராளம் காட்டினாலோ, வெறும் ஊகத்தில் தேறிவிடும் வழிகள் 17 ஆகின்றன. அது 24 விழுக்காட்டுக்கும் மேல். எவ்வளவு தவறை ஒப்புக்கொள்வது என்பதை முதல் வாய் பருகுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும் என்று நான் ஓயாமல் வற்புறுத்துவது இதனால்தான். குடித்து முடித்தபின் விதியைத் தளர்த்தினால் அது சோதனையே அன்று. 1935இல் இச்சோதனையைத் தம் நூலில் விவரித்த பிஷர், அம்மையார் வென்றாரா என்று எழுதவே இல்லை. அந்த மௌனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இல்லாத திறமையை உண்டென்பது முதல் வகைப் பிழை. இருக்கும் திறமையை இல்லையென்று தள்ளுவது இரண்டாம் வகைப் பிழை. இவ்விரண்டையும் சேர்த்து எடைபோடும் முறையை வகுத்தவர்கள் புள்ளியியலாளர்களான நெய்மனும் எகான் பியர்சனும். கோப்பைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒரு பிழையைக் குறைத்தால் மற்றது கூடும். நான்கும் சரியாக வேண்டுமென்று கண்டிப்புக் காட்டினால், எப்போதாவது மட்டுமே தவறும் நுண்ணிய நாவும் தோற்றுவிடலாம். எனவே தோற்றவரைப் பார்த்துத் திறமை இல்லையென்று நிரூபணமாகிவிட்டது எனச் சொல்லலாகாது. சான்று போதவில்லை என்றே சொல்ல வேண்டும். மீண்டும் சொல்கிறேன், சான்று போதவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவில் நோய் தென்படவில்லை என்று படிக்கும்போதும் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதால் மைய எல்லைத் தேற்றத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எட்டுக் கோப்பைக்கு வழிகளை எண்ணிவிட்டோம். ஆயிரக்கணக்கான அளவீடுகளுக்கு அவ்வாறு எண்ண இயலாது. அங்கே கணித அறிஞர்களான இருவரில், 1733இல் டி மாய்வர் நாணயச் சுண்டலில் கண்டதும், 1810இல் லாப்லாஸ் விரிவாக்கியதும் கைகொடுக்கின்றன: ஒன்றையொன்று சாராத, கட்டுக்கடங்கிய சிதறல் கொண்ட அளவீடுகள் தனித்தனியே எப்படிப் பரவியிருந்தாலும், பலவற்றின் சராசரி பரவும் விதம் மணி வடிவத்தை நெருங்கும், மாதிரியை நான்கு மடங்காக்கினால் அச்சராசரியின் அலைவு பாதியாகும். நன்றி, வணக்கம்.