'என்ன' செல்லாத இடங்கள்

வணக்கம். ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். வாட் என்றால் நனி, ஹூ என்றால் தரெ, வேர் என்றால் தொக்கோ, வென் என்றால் இட்சு, ஹௌ என்றால் தோ. பட்டியலில் பிழை இல்லை. அதை நம்பி வாய் திறக்கும்போதுதான் பிழை வருகிறது. (சொல்லின் தொடக்கத்தில் வரும் தகரத்தை 'தயவு' என்பதில் ஒலிப்பதுபோல் மென்மையாக ஒலியுங்கள்.)

ஒருவரின் கருத்தைக் கேட்கிறோம். ஆங்கிலம் 'வாட் டூ யூ திங்க்' என்கிறது, தமிழும் 'என்ன நினைக்கிறீர்கள்' என்கிறது. இரண்டும் ஒரே பக்கம் நிற்பதால் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை, நனியைப் போட்டு வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். ஜப்பானியர் கேட்பதோ 'தோ ஒமொய்மஸ் கா', எப்படி நினைக்கிறீர்கள். 'இப்போ என்ன பண்றது' என்று கையைப் பிசையும்போதும் தோதான். மருத்துவர் நோயாளியிடம் 'என்ன செய்யுது' என்று கேட்பது 'தோ ஷிமஷ்த்தா கா'. அழுதுகொண்டிருப்பவரிடம் போய் 'நனி ஒ ஷிமஷ்த்தா கா' என்றால், 'நீ என்ன காரியம் செய்தாய்' என்று விசாரிப்பதாகிவிடும். நனி செயலின் பெயரைக் கேட்கிறது, தோ நிலைமையைக் கேட்கிறது.

இதுவே தலைகீழாகவும் நடக்கும். 'இதை ஜப்பானியத்தில் எப்படிச் சொல்வது' என்பதற்குப் பெரும்பாலும் தோ அல்ல, 'நன்-த்தொ இய்மஸ் கா' என்றே கேட்பார்கள். பதிலாக வரப்போவது ஒரு சொல், அதனால் நன், அதாவது நனியின் குறுகிய வடிவம். ஆகவே வினாச்சொல்லைத் தேடும்போது ஆங்கிலக் கேள்வியைப் பார்க்காதீர்கள், வரப்போகும் பதில் என்ன வகை என்று பாருங்கள்.

ஜப்பானின் தலைநகரம் எது? பதில் ஓர் இடம், ஆகவே தொக்கோ, 'எங்கே'. நனி போட்டால் காதில் உறுத்தும். 'அவரிடம் உனக்கு என்ன பிடிக்கும்' என்பதற்கும் தொக்கோதான். குணமோ சிரிப்போ, அந்த மனிதரின் எந்தப் பகுதி என்று கேட்பதாக அந்த மொழி பார்க்கிறது. பலவற்றில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லும்போது இது இன்னும் கூர்மையாகிறது. பழங்களில் எது பிடிக்கும் என்றால் நனி, நகரங்களில் எது என்றால் தொக்கோ, பருவங்களில் எது என்றால் இட்சு. நமக்கு மூன்றுக்கும் 'எது' போதும், ஆங்கிலத்துக்கு 'விச்' போதும். அகராதியில் விச் என்பதற்கு நேரே தொரெ என்று கண்டவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கண்ணெதிரே மூன்றோ அதற்கு மேலோ பொருள் இருந்து, அவற்றில் ஒன்றைக் காட்டச் சொன்னால்தான் தொரெ. இரண்டே இரண்டு என்றால் தொச்சிரா. ஒப்பிடும் இரண்டும் மனிதர்களானாலும் ஊர்களானாலும் தொச்சிராதான்.

இந்தத் தொச்சிராவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'எங்கே' என்பதன் மரியாதை வடிவமும் அதுவே, சமா என்ற மரியாதை விகுதி சேர்ந்தால் 'யார்' என்பதன் மரியாதை வடிவமும் அதுவே. அலுவலகத் தொலைபேசியில் 'தரெ தெஸ் கா' என்றால் 'யாருய்யா நீ' என்பதுபோல் ஒலிக்கும். 'தொச்சிரா-சமா தெஸ் கா' என்பதே முறை.

எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் எத்தனை பேர் என்றால் நன்னின், தாள்கள் நன்மாய், புத்தகங்கள் நன்சட்சு. எண்ணிக்கையோடு சேரும் அலகுச்சொற்களில் (நம் 'பேர்' போன்றவை) ஹகரத்தில் தொடங்குபவை நன்னுக்குப் பின் ஒலி மாறும். நீளமான பொருளுக்குரிய ஹொன் 'நம்பொன்' ஆகிறது, சிறு விலங்குகளுக்குரிய ஹிக்கி 'நம்பிக்கி' ஆகிறது. அலகு நினைவுக்கு வராவிட்டால் பொருள்களுக்கு இக்குட்சு கைகொடுக்கும், ஆட்களுக்கு அது ஆகாது. விலை கேட்க இக்குரா.

தமிழர்களுக்கு எளிதாக இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வினாச்சொல்லை வாக்கியத்தின் முன்னால் இழுத்து வைக்கிறது. ஜப்பானியத்தில் பதில் வரும் இடத்திலேயே வினாச்சொல் நிற்கும், நம் 'நேற்று யார் வந்தார்' போல. கொரெ, சொரெ, அரெ, தொரெ என்ற வரிசை இது, உது, அது, எது என்று அப்படியே பொருந்துகிறது. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் சொரெயை விளங்கிக்கொள்ள, 'உது' இன்னும் வழக்கில் உள்ள யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கவுரையே தேவையில்லை. தரெ-கா என்றால் யாரோ, தரெ-மொ என்று சொல்லி எதிர்மறை வினை சேர்த்தால் 'யாரும் வரவில்லை'. இந்த இடங்களிலாவது ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாதீர்கள்.

இரண்டு வேறுபாடுகள் மட்டும் கவனிக்க வேண்டியவை. 'யார் வந்தார்' என்பதோடு நாம் ஆகாரம் சேர்க்க மாட்டோம். மரியாதைப் பேச்சில் ஜப்பானியர் வினாச்சொல் இருந்தாலும் இறுதியில் கா சேர்ப்பார்கள். அடுத்தது, வினாச்சொல் எழுவாயாக வந்தால் 'வா' என்ற உருபு பொருந்தாது. 'காந்தி' என்பதில் ஒலிக்கும் கா என்ற உருபே வர வேண்டும்.

கடைசியாக 'ஏன்'. எழுத்துக்கும் மேடைக்கும் நசெ, பேச்சுக்குத் தோஷித்தே, நண்பர்களிடையே நந்தே. 'ஏன் வரவில்லை' என்று ஒருவரைக் கேட்கும்போது வினையின் முடிவில் 'ன் தெஸ் கா' சேர்த்தால்தான் இயல்பான அக்கறையாகக் கேட்கும். வெறும் 'மஸென் தெஷ்த்தா கா'வில் முடித்தால் தேர்வுத்தாள் வினாபோல் விறைப்பாக இருக்கும். நந்தேயில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'நந்தே இக்கிமஸ் கா' என்பது 'ஏன் போகிறீர்கள்' என்றும் பொருள்படும், 'எதில் போகிறீர்கள்' என்றும் பொருள்படும். வண்டியைத்தான் கேட்கிறீர்கள் என்றால் நனியை முழுமையாக ஒலித்து 'நனி-தே' என்று கேளுங்கள், பேருந்தா ரயிலா என்று பதில் வரும்.