மரமாக நிற்கக் கற்றுக்கொடுத்த நாய்

வணக்கம் உறவுகளே. இரண்டு வாரங்களுக்கு முன்பு, கனடாவின் ரொறன்ரோ நகரில் ஸ்காபரோப் பகுதியில் ஒரு சமூக மண்டபத்தில் நடந்த நாய்க் காட்சிக்கு என் அக்காவின் ஏழு வயது மகளை அழைத்துச் சென்றிருந்தேன். பார்த்ததை அன்றிரவே பேசிப் பதிவுசெய்ய மனம் துடித்தது. ஆனால் இது பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய விடயம் என்பதால், சொல்லப்போவதைச் சரிபார்த்துக்கொண்டு இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

காட்சியில் மூன்று நாய்கள் இருந்தன. மூன்றும் காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்டவை. முதல் பாதியில் அவை வளையத்துக்குள் பாய்ந்தன, கயிறு துள்ளின, பறக்கும் தட்டை அந்தரத்தில் பாய்ந்து கவ்வின. கனடியத் தேசியக் கண்காட்சிக்கு ஓகஸ்ட் மாதத்தில் போய் 'சூப்பர்டாக்ஸ்' பார்த்தவர்களுக்கு இந்த வகை வித்தைகள் பழக்கமானவையே. நான் பேச வந்தது இரண்டாம் பாதியைப் பற்றி.

பயிற்சியாளரான அந்த அம்மையார், பிஸ்கட் என்ற பழுப்பு நிற நாயை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் உள்ளே அனுப்பினார். அதன் இடது காதின் நுனி எப்போதோ கிழிந்து ஆறிப்போயிருந்தது. பிறகு அவர் இரண்டு கைகளையும் வீசிக் கிறீச்சிட்டுக்கொண்டு மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினார். பிஸ்கட் குரைத்தபடி துரத்திச் சென்று அவருடைய சட்டைக் கையை எட்டி எட்டிப் பாய்ந்தது. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். நடு ஓட்டத்தில் அவர் நின்றார். கைகளை வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். தன் பாதங்களைப் பார்த்தார். நாய் அவரை இரண்டு முறை சுற்றியது, சப்பாத்தை மோந்தது, ஒரு தும்மல் போட்டது, பிறகு மூலையில் இருந்த தண்ணீர் வாளியைத் தேடிப் போய்விட்டது. இதையே மூன்று முறை செய்து காட்டினார்கள். மூன்று முறையும் நாய்க்கு அவரில் இருந்த அக்கறை சில நொடிகளில் போய்விட்டது.

இது 'மரமாக நில்' என்ற முறை. ஒன்ராறியோவில் தோன்றிய 'டாக்கோன் சேஃப்' என்ற அமைப்பு இதைப் பாடசாலைகளில் பரப்பியது. ஓடாமல் நில், கிளைகளை மடக்கு, உன் வேர்களைப் பார், நாய் போகும்வரை அல்லது உதவி வரும்வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டிரு என்று அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். கத்தலும் கை வீச்சும் அந்தத் துரத்தலுக்கு எண்ணெய் வார்ப்பவை. அசைவும் சத்தமும் நின்றுவிட்டால் துரத்துவதற்கு எதுவும் இல்லை. பாதங்களைப் பார்க்கச் சொல்வதிலும் பொருள் உண்டு: நாயின் கண்ணை நேராக உற்றுப் பார்ப்பதை அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும். நாய் தள்ளி விழுத்திவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, கைகளால் காதுகளையும் கழுத்தையும் மூடிக் கல்லாகக் கிடக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுவதுதான் இதற்குக் காரணம்.

பிறகு பிள்ளைகளை ஒருவர் ஒருவராக அழைத்தார்கள். என் பெறாமகளின் முறை வந்தபோது எடுத்த காட்சி இது. அவளுடைய உதடுகளைப் பாருங்கள். எண்ணிக்கொண்டிருக்கிறாள். விரல்கள் இறுகிப் போயிருக்கின்றன, ஆனால் கால் நகரவில்லை. பிஸ்கட் அவளுடைய முழங்காலை மோந்துவிட்டுத் திரும்புகிறது. எத்தனை வரை எண்ணினாய் என்று பிறகு கேட்டேன். "பதினேழு, சித்தி" என்றாள்.

இந்தப் பதினேழு நொடிகளுக்காகத்தான் உயிருள்ள நாய் தேவைப்படுகிறது என்று நான் நம்புகிறேன். நாய் வந்தால் ஓடாதே என்று அக்கா அவளுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறாள். ஆனால் நாய் பாய்ந்து வரும் நேரத்தில் பிள்ளைக்கு உதவுவது காதால் கேட்ட சொல் அல்ல, உடம்பு ஒருமுறையாவது செய்து பழகிய செயல். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியான சிட்னி ஆய்வு ஒன்று, நாயுடன் செய்துகாட்டிப் பழக்கும் பாடம் பலன் தரும் என்பதற்கு வலுவான சான்று. எட்டு ஆரம்பப் பாடசாலைகளைச் சேர்ந்த, ஏழெட்டு வயதுள்ள 346 பிள்ளைகள் அதில் பங்குபற்றினார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சியாளர் ஒருவர் நாயுடன் வந்து அரை மணி நேரம் செய்துகாட்டிப் பழக்கினார். சில நாட்கள் கழித்து, பிள்ளைகளுக்குத் தெரியாமல் விளையாட்டுத் திடலில் சாதுவான லாப்ரடோர் நாய் ஒன்றைக் கட்டிவைத்துப் படம் பிடித்தார்கள். பாடம் பெறாத பிள்ளைகளில் 79 சதவீதத்தினர் தயங்காமல் போய் நாயைத் தொட்டார்கள், அதைச் சீண்டியும் பார்த்தார்கள். பாடம் பெற்றவர்களில் தொட்டவர்கள் 9 சதவீதத்தினர் மட்டுமே. அவர்களும் நெடுநேரம் கவனித்துவிட்டே தொட்டார்கள். வெறும் அரை மணி நேரப் பாடத்துக்கு இவ்வளவு பலன் இருந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு நாயைப் பற்றிக் கிடைத்த ஒரே பாடம் கல். ஒழுங்கையில் நாய் உறுமினால் குனிய வேண்டும். கல் இல்லாவிட்டாலும் எடுப்பதுபோலப் பாவனை செய்தால் போதும், ஓடிவிடும். அப்பாதான் அதைச் சொல்லித்தந்தார். அது பலமுறை பலித்ததையும் மறுக்க மாட்டேன். ஆனால் பயந்து நிற்கும் நாயை அது மேலும் பயப்படுத்துகிறது. ஏழு வயதுப் பிள்ளை குனிந்தால், அதன் முகம் நாயின் வாய் மட்டத்துக்குத்தான் வருகிறது.

பயிற்சியாளரிடம் பேசியதில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். காப்பகத்தில் நாயைத் தெரிவுசெய்யும்போது அவர் இனத்தைப் பார்ப்பதில்லையாம். ஓர் இரும்புக் கிண்ணத்தைத் தரையில் போடுவாராம். திடுக்கிடாத நாய் இல்லை. திடுக்கிட்ட பிறகு எவ்வளவு விரைவில் தேறி வந்து அந்தக் கிண்ணத்தை மோந்து பார்க்கிறது என்பதைத்தான் கவனிப்பாராம். பயிற்சி முழுவதும் சிறு தீனித் துண்டுகளாலும், அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியாலும்தான் நடக்கிறது, அடி கிடையாது. உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமலை மட்டுமே விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும் என்றார். நாயின் உறுமல் நமக்குக் கிடைக்கிற உதவி என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

உறுமலுக்கு முன்பே நாய் பேசத் தொடங்கிவிடுகிறது. இந்தப் படத்தைச் சற்று நிறுத்துகிறேன், நாயின் முகத்தைப் பாருங்கள். இது வேறொரு நிகழ்ச்சியில் சென்ற ஆண்டு நான் எடுத்தது. நடத்தியவர்களின் பெயர் இங்கே வேண்டாம். வித்தை முடிந்ததும் இருபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அந்த நாயிடம் விட்டுவிட்டார்கள். ஒரு சிறுவன் கழுத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நாய் வாயை இறுக மூடி முகத்தை அப்பால் திருப்பியிருக்கிறது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. ஒரு நொடி கழித்து உதட்டை நக்குகிறது, பிறகு கொட்டாவி விடுகிறது. அதற்குப் பசியும் இல்லை, நித்திரையும் இல்லை. என்னை விடுங்கள் என்று ஐந்து விதமாகச் சொல்கிறது. அன்று அந்த நாய் பொறுத்துக்கொண்டது. ஆனால் நாய் கட்டிப்பிடிப்பை விரும்பும் என்ற எண்ணத்துடன் இருபது பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குப் பழக்கமான நாயே என்பதை வைத்துப் பார்த்தால், அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு இப்போதும் மனம் பதறுகிறது. வித்தை காட்டும் நாயைக் கொண்டு பாடம் நடத்துகிறவர்களுக்கு இதில் பெரிய பொறுப்பு இருக்கிறது. ஸ்காபரோவில் அந்த அம்மையார் வரிசையில் நிற்கவைத்தார். முதலில் உரிமையாளரைக் கேட்க வேண்டும், பிறகு நாயைக் கேட்க வேண்டும் என்றார். நாய் தானாக முன்னால் வந்தால் கழுத்தின் பக்கவாட்டில் தடவலாம், வராவிட்டால் தொடக்கூடாது. ஐந்தாவது பிள்ளையோடு பிஸ்கட் திரும்பிப் படுத்துக்கொண்டது. வரிசையில் இன்னும் பலர் நின்றும், அவர் அத்துடன் நிறுத்திவிட்டார்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்ராறியோவில் மூன்று மாத வயதைத் தாண்டிய நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். இங்கே பூங்காவில் வாரோடு வரும் நாய்களைப் பார்த்துப் பழகிய பிள்ளை, ஊரில் படலைக்கு வெளியே படுத்திருக்கும் நாயையும் அப்படியே நினைத்துக் கை நீட்டிவிடும். இலங்கையில் 1973இல் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை இப்போது பெருமளவு குறைந்திருந்தாலும் நோய் ஒழியவில்லை. அறிகுறி தோன்றிய பிறகு இதிலிருந்து உயிர் பிழைப்பது மிக மிக அரிது. கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏச்சு விழுமோ என்று பயந்து பிள்ளை காயத்தை மறைக்காதபடி இப்போதே பேசி வையுங்கள்.

நாங்கள் யூலை மாதம் போகிறோம், அப்பாவும் வருகிறார். இந்த இரண்டு வாரமாக வீட்டின் நடைபாதையில் தினமும் மாலையில் ஒரு பயிற்சி நடக்கிறது. பெறாமகள் நாயாகக் குரைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். எழுபத்து நான்கு வயதான என் அப்பாவின் வலது கை, பழக்கத்தில் இன்னும் தரையை நோக்கித்தான் போகிறது. "கல் இல்லை, அம்மப்பா, கையை மடியுங்கோ" என்கிறாள். அவர் நிமிர்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, தன் காலைப் பார்த்தபடி எண்ணத் தொடங்குகிறார்.