தொட்டி மணலுக்கு யாரை வேலைக்கு வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. 3 அடி நீளம், ஏறத்தாழ 150 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள். நான் 20 வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அடியில் கிடக்கிற மணலை. மணலைப் பற்றிப் பேச ஒருவனைக் கூப்பிட்டு நேரமும் கொடுத்த இந்த வானொலி நிலையத்தாரின் துணிச்சலை நான் மெச்சுகிறேன்.

புதிதாகத் தொட்டி வைத்தால் முதல் மாதம் மணல் நிலாவெளிக் கரை மாதிரி வெள்ளையாக இருக்கும். பிறகு பழுப்பாக ஒரு படலம் ஏறும். மிஞ்சின தீனி, மீனின் கழிவு எல்லாம் மூலையில் சேரும். உடனே, "சேர், மணலைச் சுத்தமாக்க என்ன பிராணி வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அது என்ன சாப்பிடும்? வீடு கூட்ட வருகிற ஆளுக்கும் மத்தியானச் சோறு வேண்டுமே. இதை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவனின் தகப்பன் கரைவலை இழுக்கிறவர். ஒருநாள் வாளியோடு வந்தார். வாளிக்குள் கறுப்பாக ஒரு கடல் அட்டை, ஒரு சாண் நீளம். "சேர், இது பேசாமக் கிடக்கும். மண்ணைத் திண்டு மண்ணையே கழியும். உங்கட தொட்டிக்கு நல்லது" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. கடல் அட்டை மணலை வாயால் அள்ளி, மணிகளில் ஒட்டியிருக்கிற பாசியையும் அழுக்கையும் சீரணித்துவிட்டு, மிச்ச மணலைக் குட்டிக் குட்டி உருண்டையாகப் போட்டுவிட்டுப் போகும். தோட்டத்து மண்புழு செய்கிற வேலைதான். காலையில் எழும்பினால் வெள்ளை மணலில் அந்த உருண்டைகள் வரிசையாகக் கிடக்கும். எனக்கு ஒரே பெருமை. வந்த விருந்தாளிகளைக் கூப்பிட்டு அட்டையின் கழிவைக் காட்டின ஆள் திருகோணமலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று மாதம் போனது. ஒரு சாண் அட்டை முக்கால் சாணாகிவிட்டது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. 3 அடித் தொட்டியின் மணலில் அதற்கு எத்தனை நாளைக்குச் சாப்பாடு இருக்கும்? பசித்த பிராணி தேடி அலையும், கண்ணாடியில் ஏறும். ஒரு இரவு அது மோட்டர் தண்ணீர் இழுக்கிற வாயில் போய் அகப்பட்டுக்கொண்டது.

விடிய டோர்ச் அடித்துப் பார்க்கிறேன், 9 மீனும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. கடல் அட்டையின் உடம்பில் ஹொலோதூரின் என்றொரு நஞ்சு இருக்கிறது. நசுங்கினால் தண்ணீரில் கலக்கும், மீன் தப்பாது. பசிபிக் தீவுகளில் பாறைக் குழிகளில் தேங்கின தண்ணீருக்குள் இதே கறுப்பு அட்டையைப் பிசைந்து விட்டு, மயங்கின மீனை அள்ளுவார்கள். நான் அதையே முன்னறையில் செய்திருக்கிறேன். கிழிந்த அட்டையை எடுத்த கையெல்லாம் சிவப்புச் சாயம். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுவோ நீங்கள் வைச்ச வேலைக்காரன்?" என்று மட்டும் கேட்டா. அன்றைக்கு அதற்குமேல் அவ ஒன்றும் பேசவில்லை.

சரி, யாரைத்தான் வைப்பது? முதலிடம் நசாரியஸ் என்கிற சின்ன ஊரிக்கு, அதாவது கடல் நத்தைக்கு. கொழும்பில் கடல்மீன் விற்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். பகல் முழுக்க மணலுக்குள் புதைந்திருக்கும். மூச்சுக்குழல் ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு துண்டு இறாலைப் போடுங்கள், ஒரு நிமிடத்துக்குள் மணல் அங்கங்கே வெடித்து, குழலைத் தூக்கிக்கொண்டு எல்லாம் ஓடிவரும். ஊரி ஓடும் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்த்தால் நம்புவீர்கள். மீன் விட்ட தீனியைத் தின்னும், போகிற வழியில் மணலையும் கிளறிவிடும். ஆனால் பாசி தின்னாது. பழுப்புப் படலத்துக்கு இதை வாங்கினால் காசு போகும், படலம் போகாது. அதற்குக் கோபுரம் மாதிரி நீண்டு கூரான செரித் ஊரி இருக்கிறது. என் தொட்டியில் இரண்டிலும் ஆறு ஆறு. அதற்குமேல் சாப்பாடு போதாது.

மணலுக்குள் வாழ்கிற நட்சத்திர மீனை விற்பார்கள். வாங்காதீர்கள். மணலில் இருக்கிற புழு, கூனி போன்ற சின்ன உயிர்களைத் தின்று தீர்த்துவிட்டு, சில மாதத்தில் பட்டினியில் அதன் கைகள் நுனியிலிருந்து கரையத் தொடங்கும். மணல் சலிக்கிற உளுவை மீனும் கிட்டத்தட்ட அதே கதை. வாய் நிறைய மணலை அள்ளிச் செவுளால் கொட்டும், சுளகில் புடைக்கிற மாதிரி, பார்க்க வெகு அழகு. சின்னத் தொட்டியில் மெலிந்து போகும். உண்மையில் மணலைச் சுத்தமாக வைத்திருக்கிறவை கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுக்களும் பக்டீரியாக்களும்தான். அவற்றைத் தின்கிற பிராணியைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

கோணேசர் கோயிலில் ஊதுகிற சங்கு இருக்கிறதே, அது உயிரோடு இருக்கும்போது புழு தின்னி. அதையும் தொட்டிக்குள் விடக்கூடாது. ஐவிரல் சங்கு பாசிதான் மேயும், ஆனால் ஒரு சாணுக்கு வளர்ந்துவிடும், 3 அடியில் எங்கே மேய்வது?

மணல் என்றதும் ஒன்று. புல்மோட்டைக் கறுப்பு மணல் வடிவாக இருக்கிறதென்று ஒரு தம்பி தொட்டியில் போட்டார். அது இல்மனைற் என்கிற கனிமம். அதில் காந்தத்தில் ஒட்டுகிற மணிகள் உண்டு. கண்ணாடி துடைக்கிற காந்தத்தில் அவை ஏறி, கண்ணாடி முழுக்கக் கீறல். பவளத் துகள் மணல்தான் நல்லது. அதற்காகப் புறாமலைத் தீவுக்குப் போய் அள்ளவேண்டாம். அது 2003 முதல் தேசியப் பூங்கா. மணலோ ஊரியோ எதையும் எடுத்துவர முடியாது.

கண்ணாடிக்கு அப்பால் ஐந்து விரலைக் காட்டுகிறார்கள். ஐந்து நிமிடமா என்று கேட்டால், இல்லையாம், வினாடியாம்! மணலின் ஆழம் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன். வேகமாகச் சொல்கிறேன். 4 அங்குலத்துக்கு மேல் மணல் இருந்தால் அடியைக் கிளறவேண்டாம், கூழ்முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு வரும். மீனுக்குச் செப்பு மருந்து போட்டால் ஊரி செத்துவிடும், மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றிப் போடுங்கள். மாரியில் கொட்டியாரக்குடாவில் தண்ணீர் எடுக்காதீர்கள், மகாவலி வெள்ளம் கலந்து உப்புக் குறைந்திருக்கும்.

கடைசியாக, கரையில் ஊரி பொறுக்குகிற பிள்ளைகளுக்கு. கூம்பு வடிவில், வலைபோல அழகான கோலம் போட்ட ஊரி உயிரோடு கிடந்தால் தொடவேண்டாம். அது ஊசி போலக் குத்தும், ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு. தொட்டிக்கும் வேண்டாம், சட்டைப் பைக்கும் வேண்டாம். சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.