இரண்டு கடல்களுக்கு நீர் அனுப்பும் மலை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடல் மாசுபாட்டைப் பற்றிப் பேசுவதற்கு உதகையில் வாழும் ஒருவரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் நமக்குக் கடல் என்பது பெரும்பாலும் விடுமுறைப் பயணத்தின் நினைவு மட்டுமே. இங்குள்ள பிள்ளைகளில் பலர் பள்ளிச் சுற்றுலாவில்தான் கடலை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஆனாலும், தமிழ்நாட்டில் கடல் மாசுபாட்டை எந்த இடத்திலிருந்து பேசத் தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், சென்னை மெரினாவையோ தூத்துக்குடித் துறைமுகத்தையோ சொல்லமாட்டேன், நீலகிரியைத்தான் சொல்வேன்.

நம் மலையின் நீர் எங்கே போகிறது என்று ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். குன்னூர் ஆறு மலைச்சரிவில் இறங்கிப் பவானியில் சேர்கிறது. குந்தா ஆறும் பவானிக்கே போகிறது. முக்குருத்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா ஆறு, கீழே இறங்கியதும் மாயாறு என்று பெயர் பெற்று, பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியை அடைகிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. வெள்ளக் காலத்தில் அந்நீரின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகப் பழையாறு அருகே வங்கக்கடலில் விழுகிறது. மலையின் மறுபக்கத்தில், கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் ஓடும் பாண்டியாறும் புன்னம்புழாவும் மேற்கே கேரளத்தில் இறங்கிச் சாலியாற்றில் கலந்து, கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூரில் அரபிக்கடலை அடைகின்றன. தென்மேற்குப் பருவமழையை அரபிக்கடலிடமிருந்தும், வடகிழக்குப் பருவமழையை வங்கக்கடலிடமிருந்தும் பெறுகிற இந்த மலை, அந்த இரண்டு கடல்களுக்குமே தன் நீரைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நீரோடு வேறு எவற்றையெல்லாம் அனுப்புகிறோம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

கடல் மாசு என்றதும் நம் மனத்தில் எழுவது கப்பலும் எண்ணெயும்தான். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அதை அள்ளிய காட்சியை நாம் அனைவரும் தொலைக்காட்சியில் கண்டோம். 2025 மே மாதத்தில் கேரளக் கரைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியபோது, பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளாகும் சிறு மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் வெண்மணலோடு மணலாக ஒதுங்கின. இவை பெருந்துன்பங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடலைச் சேரும் மாசில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலத்திலிருந்து வருவதாகவே நெடுங்காலமாகக் கணக்கிடப்பட்டு வருகிறது. அது விபத்தாக வருவதில்லை. ஒவ்வொரு நாளும், செய்தியாகாமல், ஆறுகளின் வழியே வருகிறது.

நெகிழியை முதலில் எடுத்துக்கொள்வோம். உலகில் ஆண்டுதோறும் 40 கோடி டன்னுக்கு மேல் நெகிழி உற்பத்தியாகிறது. இதுவரை உருவான நெகிழிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே. உதகைச் சந்தையின் அருகே ஒருவர் வீசும் பிஸ்கட் உறை, கோடப்பமந்து கால்வாயிலோ வேறொரு சாக்கடையிலோ விழுந்து அங்கேயே பல மாதங்கள் சிக்கிக் கிடக்கலாம். வழியில் இத்தனை அணைகள் இருக்கும்போது அந்த உறை எப்படிக் கடல் வரை போகும் என்று கேட்பது நியாயமான கேள்விதான். உண்மையில் நாம் எறிவதில் ஒரு பெரும்பகுதி வழியிலேயே தங்கிவிடுகிறது: மலைமடிப்புகளிலும், முதுமலைக் காட்டோரத்திலும், அணைகளின் அடியிலும் கிடக்கிறது. காட்டோரத்தில் கிடப்பதை மானும் காட்டெருமையும் தின்கின்றன. ஆனால் தங்குவது என்பது மறைவது அன்று. வெயிலின் புறஊதாக் கதிர்கள் பட்டு நெகிழி நொறுங்குகிறது. நொறுங்கியது நீரோடு எளிதில் அடித்துச் செல்லப்படும் அளவுக்குச் சிறிதாகிறது. பின்பு ஒரு பெருமழை வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பல ஆண்டுகளாக ஓடைகளில் சேர்ந்து கிடந்தவற்றை அத்தகைய ஒரு நாள் துடைத்துக் கீழே தள்ளிவிடுகிறது.

கடலுக்குச் சென்ற பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை நுண்நெகிழி என்கிறோம். கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை உண்டு வாழும் மத்தி போன்ற சிறு மீன்கள், அந்த உணவோடு இந்தத் துகள்களையும் விழுங்குகின்றன. பங்குனி ஆமைகள் மிதக்கும் பைகளை இழுதுமீன் (ஜெல்லிமீன்) என்று எண்ணித் தின்கின்றன. வயிறு நிறைந்திருக்க, உணவின்றி இறக்கின்றன. பூமியின் மிக ஆழமான இடமாகிய மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில்கூட ஒரு பிளாஸ்டிக் பை காணப்பட்டது. தூத்துக்குடி உப்பளங்களின் உப்பிலும் நுண்நெகிழித் துகள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். அந்த உப்பும், கோவை உக்கடம் சந்தை வழியாக ஏறி வரும் மீனும் நம் சமையலறைக்கு வந்து சேர்கின்றன என்பதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் அறுந்து மிதக்கும் மீன்வலைகளும் இந்தச் சிக்கலில் பெரும்பங்கு வகிக்கின்றன. அதைச் சரிசெய்வது மீன்பிடித் துறைமுகங்களின் பொறுப்பு. மலையில் நம் பொறுப்பு வேறு.

நாம் வீசாமலேயே நம்மிடமிருந்து போகும் நெகிழியும் உண்டு. இதைப் பற்றி மலையில் எவரும் பேசி நான் கேட்டதில்லை. இங்கு ஆண்டின் பெரும்பகுதி குளிர். ஆகவே வீட்டுக்கு வீடு ஸ்வெட்டரும் மப்ளரும் கம்பளியும் துவைக்கப்படுகின்றன. இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் பல ஆட்டு ரோமத்தால் ஆனவை அல்ல. அக்ரிலிக், பாலியஸ்டர் இழைகளால் ஆனவை. அவற்றைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குப் புலப்படாத இழைகள் ஆயிரக்கணக்கில் உதிர்ந்து சோப்பு நீரோடு வெளியேறுகின்றன. அதுபோலவே, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வளைவுகளிலும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையிலும், சமவெளியைவிட மிகுதியாக டயர் தேய்கிறது. தேய்ந்த ரப்பர்த் துகள் சாலையோரத்தில் படிந்து, முதல் மழையில் அருகிலுள்ள ஓடைக்குப் போகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மழை பெய்ததும் கோஹோ சால்மன் மீன்கள் ஓடைகளில் கூட்டமாக இறந்ததற்கு, டயரில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் சிதைந்து உருவாகும் நஞ்சே காரணம் என்று 2020ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் உறுதிசெய்தனர். நம் ஓடைகளில் சால்மன் இல்லை. ஆனால் கோடைப் பருவத்தில் ஏறி வரும் வாகனங்களின் வரிசையை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

அடுத்து, தோட்டங்களுக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் இது பலருடைய பிழைப்போடு தொடர்புடையது, எவரையும் குற்றவாளி ஆக்குவது என் நோக்கம் அன்று. கேத்திப் பள்ளத்தாக்கிலும் உதகையைச் சுற்றிலும் செங்குத்தான சரிவுகளில் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ் பயிரிடுகிறோம். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை எப்போது ஏறும், எப்போது விழும் என்று தெரியாத விவசாயி, விளைச்சலாவது குறையக் கூடாது என்று உரத்தைத் தாராளமாகவே போடுகிறார். 1961இல் உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழு நீலகிரியில் கண்டறியப்பட்டதற்குப் பிறகு, மண்ணுக்கே மருந்திடும் பழக்கமும் வேரூன்றியது. பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய உரத்தில், தழைச்சத்து நைட்ரேட்டாகி நீரில் கரைந்து போகிறது; மணிச்சத்தோ மண்துகளைப் பற்றிக்கொண்டு, சரிவில் அரித்துச் செல்லும் மண்ணோடு போகிறது. கேரட் கழுவும் நிலையங்களிலிருந்து செந்நிறமாக வெளியேறும் நீரைப் பார்த்தவர்கள் இதைக் கண்ணாலேயே அறிவார்கள்.

இதில் வேதனையான ஒரு முரண் இருக்கிறது. அரித்து வரும் வண்டலை அணைகள் தடுத்து நிறுத்துகின்றன. பில்லூர் அணை வண்டல் படிந்து தன் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழந்திருக்கிறது. அந்த வண்டல் கடற்கரைக்குத் தேவை. அது வராததால் காவிரிக் கழிமுகத்தின் கரை மெலிகிறது. ஆனால் நீரில் கரைந்த நைட்ரேட்டை எந்த அணையாலும் முழுமையாகத் தடுக்க முடியாது. ஆக, கடலுக்கு நன்மை செய்யக்கூடியது மலையடியிலேயே நின்றுவிடுகிறது. தீமை செய்யக்கூடியது கடல் நோக்கிப் பயணத்தைத் தொடர்கிறது. வழியில் தஞ்சை வயல்களின் உரமும், நகரங்களின் கழிவுநீரும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

இவ்வாறு சேரும் சத்துகள் கடலில் என்ன செய்கின்றன? நிலத்தில் பயிரை வளர்த்தது போலவே கடலில் நுண்பாசிகளை வளர்க்கின்றன. அளவுக்கு மீறிப் பெருகிய பாசி மடிந்து அடியில் படியும்போது, அதை மக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடுகின்றன. நீந்திச் செல்லக்கூடிய மீன் விலகிப் போகும். நண்டும் சிப்பியும் பவளமும் அங்கேயே மூச்சுத் திணறி இறக்கும். இப்படி உயிர்வளி அற்றுப்போன பகுதிகள் உலகக் கடலோரங்களில் 400க்கு மேல் இருப்பதாக 2008ஆம் ஆண்டிலேயே கணக்கிடப்பட்டது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பாம்பனை ஒட்டிய கடல் பச்சை நிறமாக மாறி, மீன்கள் செத்து ஒதுங்கியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் அந்த நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கு நீலகிரி ஓடைகளைக் காரணம் காட்ட முடியாது; காவிரி அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆனால் கடல்நீர் உயிர்வளியை இழந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு தன் கரையிலேயே கண்டது.

கழிவுநீரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில் அமைக்கப்பட்ட உதகை ஏரியின் கரையில் நின்றால் மூக்கே சொல்லிவிடும். குன்னூர் சந்தைக்கு நடுவே ஓடும் ஆறு கீழே பவானியில் சேர்கிறது என்பதையும், மேட்டுப்பாளையம் முதல் ஈரோடு வரை பல ஊர்கள் பவானியைக் குடிக்கின்றன என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத மாசு எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதற்கு நம் அண்டை மலையே சான்று. கொடைக்கானலில் 1983இல் தொடங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது; பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடப்பதை ஊர்மக்கள் வெளிப்படுத்தியதே அதற்குக் காரணம். தொழிற்சாலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், கீழே உள்ள பாம்பாறு சோலையின் மண்ணைப் பற்றிய பேச்சு முடியவில்லை. பாதரசம் நீர்நிலையின் சேற்றில் பாக்டீரியாக்களால் மெத்தில் பாதரசமாக மாறுகிறது. அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் ஏற ஏறச் செறிவு கூடுகிறது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு வேதியியல் ஆலை பல்லாண்டுகள் வெளியேற்றிய கழிவால், மீன் உண்ட மக்கள் கைகால் நடுங்கி, பார்வை குன்றி, பேச்சிழந்து துன்புற்றனர். 1956இல் அந்நோய் முறையாக அறியப்பட்ட பின்னும் 1968 வரை கழிவு விடப்பட்டது. தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகள்கூடத் தப்பவில்லை. அந்த விரிகுடாவின் பெயரால் 2013இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இணைந்திருக்கிறது. அந்தக் கடலோர மக்களில் எவரும் அந்த ஆலையின் கழிவைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

மாசைத் தடுக்கும் விஷயத்தில் நீலகிரி வெறுங்கையோடு இல்லை. 2000ஆம் ஆண்டையொட்டி, சுப்ரியா சாகு மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை நீக்கும் முயற்சி இங்கே தொடங்கியது. தமிழ்நாடு முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறையும் 2022இல் நீலகிரியில்தான் முதலில் வந்தது. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில், பத்து ரூபாய் மதிப்பு பெற்றதும் கடைக்குத் திரும்பியது. அறிவுரையால் ஆகாதது விலையால் ஆயிற்று. இதே முறையைக் குளிர்பான பாட்டிலுக்கும் உறைகளுக்கும் விரிவுபடுத்தி, அச்செலவை அவற்றைத் தயாரிப்பவர்களே ஏற்கச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுற்றுலாப் பயணியின் பையைச் சோதனைச் சாவடியில் துழாவுவதைவிட அது நெடுநாள் பயன்தரும்.

விவசாயத்திலும் வழி உண்டு. மண் பரிசோதனை செய்து அளவறிந்து உரமிடுவது, சரிவின் குறுக்கே வரப்பும் படிமட்டமும் அமைப்பது, ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலத்துக்குப் பயிரிடாமல் புல்லும் மரமும் விடுவது ஆகியவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஓடைக்கரைப் புல் மண்ணைப் பிடித்து வைக்கும். நைட்ரேட்டில் ஒரு பகுதியையும் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஓரத்து நிலத்தை விட்டுக்கொடுக்கும் சிறு விவசாயிக்கு அதற்கு ஈடாக ஏதேனும் கிடைக்க வேண்டும். அவர் நட்டத்தில் கடலைக் காப்பாற்றச் சொல்வது நீதியாகாது.

ஒன்றை மட்டும் ஊராட்சிகளிடமும் நகராட்சிகளிடமும், நேயர்களாகிய உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். கடலில் பல்லாயிரம் சதுர கிலோமீட்டரில் பரவிவிட்ட துகளை உலகின் எந்த அரசாலும் அள்ள முடியாது; அதே கழிவு நம் ஊர் ஓடையில், இரண்டடி அகலத்தில், இரும்பு வலைத்தடுப்பு ஒன்றில் சிக்கி நிற்கும்போது இரண்டு பணியாளர்களால் ஒரு முற்பகலில் எடுத்துவிட முடியும். சந்தை, பேருந்து நிலையம், சுற்றுலா இடங்கள் ஆகியவற்றுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஓடையிலும் அத்தகைய தடுப்புகள் வேண்டும். சேர்ந்ததை எடுத்துச் செல்ல வண்டியும், எடுப்பவர்களுக்குக் கையுறையும் காலணியும் நியாயமான கூலியும் வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக மே மாதத்திலும், குன்னூர், கோத்தகிரி பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகச் செப்டம்பரிலும் இந்த வேலை முடிந்தாக வேண்டும். மழை இறங்கிய பிறகு ஓடைக்குப் போனால் எடுப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.

வணக்கம்.