தோலுக்குள் இருக்கும் தண்ணீர்

அனைவருக்கும் வணக்கம். இன்று பிப்ரவரி 28. 1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமன், வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து நடத்திய ஆய்வில் ராமன் விளைவு, அதாவது மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பங்கு நிறம் மாறி வருவது, வெளிப்பட்ட நாள். ஒளியைப் பற்றிப் பேச வேண்டிய நாள்தான். ஆனாலும் நான் பறையிலிருந்து தொடங்குகிறேன்.

பறை இசைப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தோலை அந்தச் சூட்டில் காட்டுவார்கள். ஈரக் காற்றில் தொய்ந்து கிடந்த தோல் விறைத்து, கணீரென்று பேசத் தொடங்கும். சூடு தோலை இறுக்குகிறது என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் சூடு செய்யும் வேலை, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவதுதான். தண்ணீர் போனதும் தோல் ஏன் இறுக வேண்டும்?

தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். எலும்பிலும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணிலும் இருப்பது அதுவே. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2015இல் தசைநாணை மெல்ல உலரவிட்டு, எக்ஸ் கதிராலும், சிதறிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் ராமன் நிறமாலையாலும் அதைக் கவனித்தார்கள். தண்ணீர் விலக விலகக் கொலாஜன் மூலக்கூறே வடிவம் மாறிக் குட்டையாகிறது. இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு குட்டையாக விடாமல் தடுத்தால், கிட்டத்தட்ட 100 மெகாபாஸ்கல் வரை இழுவிசை எழுகிறது. நம் தசை சுருங்கும்போது உண்டாவது சுமார் 0.3 மெகாபாஸ்கல்! பறைத் தோலும் கட்டையைச் சுற்றி இழுத்து ஒட்டப்பட்டது, சுருங்க இடமில்லை. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

அப்படியானால் தண்ணீர் கொலாஜனுக்குள் வந்து தங்கும் விருந்தாளி இல்லை, அதன் உறுப்பு. இதை முன்கூட்டியே எழுதி வைத்தவர் சென்னையில் இருந்தார். 1952இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பிடித்துக்கொண்ட ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு, கங்காரு வாலின் தசைநாண்வரை தேடிப் பிடித்து எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று புரிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட முப்புரிச் சுருள் அமைப்பை 1954இல் வெளியிட்டார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. 1968இல் ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் எழுதியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மூன்று புரிகளுக்கும் நடுவே நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால், அதாவது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் அணுவை மென்மையாகப் பற்றும் பிடிப்பால், பாலமாக நிற்கின்றன என்றார்கள் அவர்கள். 1994இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் குழுவினர் கொலாஜன் போன்ற ஒரு சிறு பெப்டைடை, அதாவது குட்டையான புரதத் துண்டை, படிகமாக்கிப் பார்த்தபோது, அந்த முப்புரியைச் சுற்றி நீர்ப் பாலங்கள் வரிசையாகத் தெரிந்தன.

ஆனால் படிகம் என்பது அடங்கி நிற்கும் பொருள். பறைத் தோலிலும் நம் முழங்காலிலும் இருக்கும் நீர் ஓடிக்கொண்டிருப்பது. அதைப் பார்க்க நிறமாலை வேண்டும்.

அகச்சிவப்பை எடுத்துக்கொள்வோம். நீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு, சென்டிமீட்டருக்குச் சுமார் 3400 என்ற அலை எண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற கணக்கு) அகலமான பட்டையாக விழும். பனிக்கட்டியில் அது 3200 பக்கம் இறங்கும். ஆவியில் தனித்து நிற்கும் மூலக்கூறில் 3650க்கு மேல் ஏறும். ஹைட்ரஜன் பிணைப்பு இறுக இறுக எண் இறங்குகிறது என்பதே இதன் பொருள். ஆகவே தோலிலோ பருத்தியிலோ ஸ்டார்ச்சிலோ அந்தப் பட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், நீர் எவ்வளவு இறுக்கமாகக் கைகோத்திருக்கிறது என்று தெரியும். தொல்லை என்னவென்றால், நீர் மடங்கும் அதிர்வு 1645இல் வருகிறது. புரதத்தின் முக்கியமான அமைடு பட்டையும் 1650 அருகிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்று மற்றதை மறைத்துவிடும். அதற்குத்தான் கனநீர்: ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டிரியம் உள்ள நீர். டியூட்டிரியம் கனமானது, மெதுவாக அதிரும். 1645 பட்டை 1210க்கு நகர்ந்துவிட, புரதம் வெளிச்சத்துக்கு வருகிறது. இன்னொரு லாபமும் உண்டு. எந்தெந்த ஹைட்ரஜன் டியூட்டிரியத்துக்கு இடம்விட்டது, எது விடவில்லை என்று எண்ணினால், நீர் எங்கே நுழைகிறது, எங்கே நுழைய முடியவில்லை என்பதும் வெளிவரும்.

நிறமாலையை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1960களில் மாஸ்கோவில் டெரியாகின் குழுவினர், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ஒரு விநோத நீர் கிடைத்ததாக அறிவித்தார்கள். 1969இல் அமெரிக்காவில் அதன் அகச்சிவப்பு நிறமாலையை எடுத்து, இது நீரின் பலபடி என்றே பெயர் சூட்டினார்கள். உலகமே பரபரத்தது. பெல் ஆய்வகத்தின் டெனிஸ் ரூசோ பந்து விளையாடிவிட்டு வந்து, தன் வியர்வையை எடுத்து நிறமாலை பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தன! விநோத நீர் வெறும் அழுக்கு நீர்தான். 1973இல் டெரியாகினே ஒப்புக்கொண்டார். பட்டை பொய் சொல்லவில்லை, அதைப் படித்தவர்கள்தாம் அவசரப்பட்டார்கள்.

ராமன் முறைக்கு ஒரு வசதி உண்டு. நீர் அதில் மங்கலாகத்தான் தெரியும். ஈரமான பொருளையும் உலர்த்தாமல் பார்க்கலாம். 2001 வாக்கில் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் உயிருள்ள மனிதரின் தோலிலேயே லேசர் பாய்ச்சி, நீரின் பட்டைக்கும் புரதத்தின் பட்டைக்கும் உள்ள விகிதத்தை வைத்து, மேல்தோலின் ஒவ்வோர் ஆழத்திலும் எவ்வளவு நீர் என்று வரைந்து காட்டினார்கள். முகப்பூச்சு விளம்பரங்கள் சொல்லும் ஈரப்பதக் கணக்கு இதுபோன்ற அளவீடுகளை நம்பித்தான் பிழைக்கிறது. எல்லா விளம்பரமும் அல்ல.

இப்போது வம்பான கேள்விக்கு வருகிறேன். ஒரு கிராம் கொலாஜனில் எவ்வளவு நீர் பிணைந்திருக்கிறது? எவ்வளவு கட்டற்றுத் திரிகிறது? குளிர்வித்துப் பார்ப்பவர், சுமார் 0.3 முதல் 0.5 கிராம் வரை உறையவே மறுக்கிறது, அதுதான் பிணைந்த நீர் என்பார். மைக்ரோ அலையில் பார்ப்பவர் வேறு எண் தருவார். அணுக்காந்த ஒத்ததிர்வில் பார்ப்பவர், அதாவது காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைக் கேட்கும் என்.எம்.ஆர். ஆள், இன்னொன்று சொல்வார். சுவீடனின் லுண்ட் நகரில் பெர்ட்டில் ஹாலே பல புரதங்களை ஆராய்ந்து, மேற்பரப்பு நீரில் பெரும்பகுதி வழக்கத்தைவிடச் சில மடங்கு மட்டுமே மந்தமாகச் சுழல்கிறது, பனிக்கட்டிபோல் உறைந்து நிற்கவில்லை என்று வாதாடினார்.

யார் சொல்வது சரி? என் எண்ணத்தில் எல்லோருமே சரி. ஓடும் மின்விசிறியை வேகமான கேமராவில் எடுத்தால் மூன்று இறக்கை. மெதுவான கேமராவில் எடுத்தால் ஒரு வட்டம். அகச்சிவப்பு அதிர்வின் ஒரு வீச்சு நொடியில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு. நீர் மூலக்கூறு புரள எடுக்கும் நேரம் அதைப்போல் சில நூறு மடங்கு. குளிர்விக்கும் கருவிக்கோ நிமிடக் கணக்கு. பிணைந்த நீர் என்ற ஒரே எண்ணைத் தருகிற அறிக்கையைக் கண்டால், எந்தக் கருவி என்று கேட்டுவிட்டுத்தான் நான் மேலே படிப்பேன்.

பிணைந்ததற்கும் கட்டற்றதற்கும் நடுவே நீர் எப்படி நிற்கிறது என்பதை அழகாகக் காட்டியவர் நெதர்லாந்தின் ஹெர்மன் பெரெண்ட்சன். பின்னாளில் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்க்கும் துறையில் பெரும்பெயர் எடுத்தவர். 1962இல் ஈரமான கொலாஜன் இழைகளைக் காந்தத்துக்குள் வைத்து, நீரின் என்.எம்.ஆர். கோட்டைப் பார்த்தார். சாதாரண நீருக்கு ஒரே கூர்மையான கோடு. இங்கே அது இரண்டாகப் பிளந்திருந்தது. இழையைத் திருப்பத் திருப்பப் பிளவு மாறியது; காந்தப் புலத்துக்கு சுமார் 55 பாகையில் மறைந்தே போனது. இதிலிருந்து இரண்டு செய்திகள். நீர் அசையாமல் நின்றிருந்தால் பிளவு மிகப் பெரிதாக இருந்திருக்கும். இங்கே கிடைத்தது அதில் சிறு பங்கு. ஆக நீர் வேகமாகப் புரள்கிறது. ஆனால் முழுச் சுதந்திரத்தோடு புரண்டிருந்தால் பிளவே இருக்கக் கூடாது. ஆக அது எல்லாத் திசையிலும் சமமாகப் புரளவில்லை. இழை போகும் திசையைப் பார்த்துக்கொண்டே புரள்கிறது. ஓடுகிறது, ஆனால் ஒழுங்கோடு ஓடுகிறது.

இது ஆய்வகத்தோடு நின்றுவிட்ட விஷயம் இல்லை. தோள்வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். நல்ல தசைநாண் அந்தப் படத்தில் கறுப்பாக வர வேண்டும், ஏனென்றால் அதன் நீர் தரும் சமிக்ஞை கண்ணிமைக்கும் முன்பே அணைந்துவிடும். தோளில் எலும்போடு சேரும் இடத்தில் தசைநாண் வளைந்து, ஓரிடத்தில் காந்தத்துக்கு அதே 55 பாகையில் நிற்கிறது. அங்கே சமிக்ஞை அணையத் தாமதமாகி, வெள்ளையாகப் பளிச்சிடும். பார்ப்பவருக்குக் கிழிசலோ வீக்கமோ என்று தோன்றும். அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் உடனே கத்தியைத் தேட மாட்டார். எதிரொலி நேரத்தை, அதாவது சமிக்ஞையைப் பதிவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை, நீட்டி எடுத்த அடுத்த வரிசைப் படத்தைப் பார்ப்பார். அங்கே அந்த வெள்ளை காணாமல் போயிருந்தால், அது கோணத்தின் வேலை. தசைநாண் நலமாகவே இருக்கிறது. வெள்ளை அப்படியே நின்றால்தான் அவர் உங்களை உள்ளே அழைத்துப் பேசுவார்.