கடைசி மகத்தான பாட்டு ‘ஸ்டார்ட் மீ அப்’ தான்!

(தலைப்பு: பிரிட்டனின் ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் தந்த கடைசி மகத்தான பாடல் 1981-இல் வந்த ‘ஸ்டார்ட் மீ அப்’ தானா, அதற்குப் பின்னும் உண்டா? ‘ஸ்டார்ட் மீ அப் தான்’ என்ற அணியில் நிறைவாகப் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, ராக் இசைக்காக இந்த மாலையை ஒதுக்கி வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவி அவர்கள் கையில் ஒரு பட்டியலோடு வந்தார்கள். அமெரிக்காவில் வாராவாரம் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியல். 1983-இல் ‘அண்டர்கவர் ஆஃப் த நைட்’ 9-ஆம் இடம். 1986-இல் ‘ஹார்லம் ஷஃபிள்’ 5-ஆம் இடம். 1989-இல் ‘மிக்ஸ்டு எமோஷன்ஸ்’ அதே 5-ஆம் இடம். “முதல் பத்துக்குள் மூன்று பாட்டு வந்திருக்கும்போது 1981-லேயே எப்படிக் கதவைச் சாத்துகிறீர்கள்?” என்று கேட்டார்கள், கைதட்டலும் வாங்கினார்கள். “உங்கள் பாட்டு முதலிடத்தைத் தொடவே இல்லையே” என்று கூடுதலாக ஒரு குத்தும் விட்டார்கள்.

பதில் சொல்கிறேன் அம்மா. ‘ஹார்லம் ஷஃபிள்’ ஸ்டோன்ஸ் எழுதிய பாட்டே இல்லை. பாப் அண்ட் ஏர்ல் என்ற இரட்டையர் 1963-இல் வெளியிட்ட பாட்டு அது. நன்றாகப் பாடினார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டோன்ஸின் மகத்தான பாடல் என்ற கணக்கில் அதை எப்படி வைப்பது? ‘மிக்ஸ்டு எமோஷன்ஸ்’ வந்த 1989 எப்படிப்பட்ட ஆண்டு? 1982-க்குப் பிறகு சுற்றுப்பயணமே போகாமல், பாடகர் மிக் ஜாகரும் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் பத்திரிகைகளில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்து, பிறகு சமாதானமாகி ஒன்றாக வந்த ஆண்டு. ஜனம் காத்துக் கிடந்தது ஸ்டோன்ஸுக்காக. அந்த நேரத்தில் எந்தப் பாட்டைக் கொடுத்திருந்தாலும் மேலே ஏறியிருக்கும். அவர்களுடைய சொந்த ஊரான பிரிட்டனில் அதே பாட்டு எத்தனையாவது இடம் தெரியுமா? 36!

‘ஸ்டார்ட் மீ அப்’ அமெரிக்காவில் 2-ஆம் இடம், பிரிட்டனில் 7-ஆம் இடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம். அதற்குப் பிறகு இன்றுவரை ஸ்டோன்ஸ் தனியாக வெளியிட்ட ஒரு பாட்டுகூட பிரிட்டனின் முதல் பத்துக்குள் நுழையவில்லை. அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. முன்னால் நின்று வழிமறித்தவை கிறிஸ்டஃபர் கிராஸின் ‘ஆர்தர்ஸ் தீம்’, பிறகு ஹால் அண்ட் ஓட்ஸின் ‘பிரைவேட் ஐஸ்’. இரண்டுமே நல்ல பாட்டுகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆண்டு பில்போர்டு புதிதாகத் தொடங்கியிருந்த ராக் பட்டியலில் ‘ஸ்டார்ட் மீ அப்’ 13 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பாட்டோடு வந்த ‘டாட்டூ யூ’ ஆல்பம் அமெரிக்காவில் 9 வாரம் முதலிடம். அதற்குப் பிறகு ஸ்டோன்ஸ் வெளியிட்ட எந்த ஸ்டூடியோ ஆல்பமும் அங்கே முதலிடம் பிடிக்கவில்லை.

பட்டியல் கணக்கு இவ்வளவு போதும் ஐயா. எத்தனையாவது இடம் என்பது ஒரு வாரத்துச் செய்தி. பாட்டுக்குள் போவோம், அங்கேதான் வழக்கு இருக்கிறது.

முதல் சில விநாடிகளைக் கேளுங்கள். கீத்தின் கிட்டார் தனியாக வெட்டி வெட்டி விழுகிறது. கீத்தின் அந்தக் கிட்டாரில் ஆறு தந்தி கிடையாது. மிகத் தடித்த தந்தியைக் கழற்றிவிட்டு, மிச்சம் ஐந்தையும் ஜி–டி–ஜி–பி–டி என்று சுருதி சேர்த்து வைத்திருப்பார். ‘ஹாங்கி டாங்க் விமன்’, ‘பிரவுன் ஷுகர்’, ‘டம்பிளிங் டைஸ்’ எல்லாம் அந்தச் சுருதியில் பிறந்தவை. அந்த வம்சத்தின் கடைசிப் பெரிய வாரிசு இது. பிறகு வந்த ரிஃப்களில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளில், எத்தனையோ கேட்டுவிட்டேன். கை அதே கைதான், ஆனால் ஏற்கெனவே போன பாதையில் நடக்கிறது.

அந்தக் கிட்டாருக்குள் சார்லி வாட்ஸின் டிரம்ஸ் வந்து விழுகிறதே, விழுகிற இடம் நாம் எதிர்பார்த்த இடமில்லை. காலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள், கால் ஒருமுறை தடுமாறும். தாளம் புரண்டுவிட்டதோ என்று நினைப்பதற்குள் எல்லாம் நிமிர்ந்து நேராகிவிடும். எதிர்பார்ப்பைக் கலைத்து, உடனே அதைவிடப் பெரிய நிம்மதியைக் கொடுக்கிற அந்தச் சில நொடிகளுக்காகவே இந்தப் பாட்டுக்கு நான் என்றும் கடன்பட்டவன். சார்லி வாசிக்கும் வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். இடக்கை ஸ்னேர் என்ற டிரம்மில் அடிக்கும்போது வலக்கையை ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டிலிருந்து எடுத்துவிடுவார். ஒரே நேரத்தில் இரண்டையும் அடிக்க மாட்டார். அதனால் ஸ்னேர் அடி தனியாக, பக்கத்தில் எந்தச் சத்தமும் ஒட்டாமல் கேட்கும். அந்த இடைவெளியில்தான் பில் வைமனின் பாஸ் மூச்சு விடுகிறது, ரானி வுட்டின் கிட்டார் நுழைந்து வெளியேறுகிறது. ஒரு அறையில் ஐந்து பேர் ஒருவரையொருவர் காதால் பார்த்துக்கொண்டு வாசித்த பாட்டு ஐயா இது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். பாராட்டுகிறேன். “இது 1981-இன் பாட்டே இல்லை. 1978-இல் ஒதுக்கிப் போட்ட மிச்சம். பழைய டேப்பைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள்” என்றார். தகவல் உண்மை. முடிவுதான் தலைகீழ்.

நடந்தது என்ன? பாரிஸ் பக்கத்தில் பதே மார்கோனி ஸ்டூடியோ. ‘சம் கேர்ல்ஸ்’ ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு. இந்தப் பாட்டு அப்போது ரெக்கே, அதாவது ஜமைக்கா இசைப் பாணியில் அமைந்த பாட்டு. கீத்தே பின்னால் சொல்லியிருக்கிறார்: ரெக்கேயாக 45 தடவை வாசித்தார்களாம். நடுவில் ஓய்வு நேரத்தில் அவர் யோசிக்காமல் அந்த ரிஃப்பை வாசிக்க, எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை ராக்காக வாசித்துவிட்டு, மறுபடி ரெக்கேக்குத் திரும்பி இன்னும் 15 தடவை! ஒலிப்பொறியாளர் கிறிஸ் கிம்சி சொல்லும் கதையில், கீத் அதைக் கேட்டுவிட்டு “ரேடியோவில் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது, அழித்துவிடு” என்றாராம். கிம்சி அழிக்கவில்லை. அந்த மனிதருக்கு ராக் ரசிகர்கள் எல்லோரும் ஒரு வணக்கம் வைக்க வேண்டும்.

1981-இல் பெரிய சுற்றுப்பயணம் கிளம்ப வேண்டும், கையில் புது ஆல்பம் இல்லை, மிக்கும் கீத்தும் உட்கார்ந்து எழுதும் நிலையிலும் இல்லை. பழைய டேப்புகளைப் புரட்டியபோது ரெக்கே குவியலுக்கு நடுவே அந்த ராக் பதிவு கிடைத்தது. கண்டெடுத்தது மிக் என்கிறார் கீத். கிம்சி தான்தான் தேடி எடுத்ததாகச் சொல்கிறார். அது அவர்களுக்குள் இருக்கட்டும். நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் பாப் கிளியர்மவுண்டன் மிக்ஸ் செய்தார். ஸ்டூடியோவின் குளியலறையில் ஸ்பீக்கரை வைத்து, டிரம்ஸையும் குரலையும் அதில் ஓடவிட்டு, சுவரில் மோதித் திரும்பும் சத்தத்தை மைக்கில் பிடித்துச் சேர்த்தார்கள். இன்று நெஞ்சில் வந்து இடிக்கிறதே அந்த அடி, அது அங்கே கிடைத்தது.

இப்போது தம்பிக்குப் பதில். பாட்டு முழுமையானது 1981-இல், மக்கள் கையில் கிடைத்தது 1981-இல். இல்லை, 1978 என்றே வையுங்கள் என்றால் வைக்கிறேன். அதனால் யாருக்கு லாபம்? கடைசி மகத்தான பாட்டு இன்னும் மூன்று ஆண்டு முன்னால் போகிறது, அவ்வளவுதான். பின்னால் வரவில்லையே! 1981-லேயே புதிதாக எழுத முடியாமல் பழைய டேப்பைத் தேடிப் போனார்கள் என்பது உங்கள் வாதம் என்றால், அது எங்கள் வழக்குக்கு நீங்கள் கொடுத்த சாட்சி. ஒரே அறையில் இரவெல்லாம் அறுபது தடவை வாசித்து, அதில் தற்செயலாக ஒன்று தீப்பிடித்துக்கொள்ளும் காலம் அது. 1985-இல் மிக் தனி ஆல்பம் போட்டார். அந்த டிசம்பரில் தொடக்கத்திலிருந்து கூடவே இருந்த பியானோக்காரர் இயன் ஸ்டூவர்ட் இறந்தார். 1993-இல் பில் வைமன் விலகினார். வாசிக்கும் திறமை யாருக்கும் குறையவில்லை. அந்த அறைதான் காலியாகிவிட்டது.

அடுத்து எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். 2023-இல் வந்த ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’. 18 ஆண்டு கழித்துத் தங்கள் சொந்தப் பாடல்களோடு கொடுத்த ஆல்பம். பிரிட்டனில் முதலிடம். 2025-இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி. அதிலிருந்து ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ பாட்டை எடுத்து வைத்து, “இது மகத்தானது இல்லையா?” என்று கேட்டார்கள்.

நடுவர் ஐயா, இந்த இடத்தில் மனசாட்சியோடு பேச வேண்டும். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். எண்பது வயதில் மிக் ஜாகர் அந்த உச்சஸ்தாயியில் போய் நிற்பதைக் கேட்டால் கண் கலங்கும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது விருந்தாளியாக வந்த பாடகி லேடி காகா மெல்ல ஒரு இழையைப் பிடிக்க, மிக் அவரோடு சேர, பியானோவில் ஸ்டீவி வொண்டரின் விரல்கள் கீழே தாங்க, மறுபடி எல்லாம் எழுந்து வருகிறது. தேவாலயத்தில் இருப்பதுபோல் இருக்கும். நல்ல பாட்டு. மிக நல்ல பாட்டு.

ஆனால் எழுந்து வரும் அந்த இடத்தில் நம்மைத் தூக்குவது யார்? லேடி காகாவின் குரலையும் ஸ்டீவி வொண்டரையும் எடுத்துவிட்டு ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். டிரம்ஸில் ஸ்டீவ் ஜோர்டன். அற்புதமான கலைஞர். சார்லி இல்லை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று சார்லி மறைந்துவிட்டார். ‘டாட்டூ யூ’ வெளிவந்து சரியாக நாற்பது ஆண்டு நிறைந்த நாள் அது. இதை வாதமாகச் சொல்லவில்லை ஐயா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘ஸ்டார்ட் மீ அப்’பைத் தாங்குவது விருந்தாளி யாரும் இல்லை. அந்த ஐந்து பேர்தான்.

‘லிவிங் இன் எ கோஸ்ட் டவுன்’ 2020-இல் ஜெர்மனியில் முதலிடம் பிடித்ததையும் சொன்னார்கள். உண்மை. ஊரடங்குக் காலத்தில் அந்தப் பாட்டு பலருக்குத் துணையாக இருந்தது. அதே பாட்டு அமெரிக்காவையும் பிரிட்டனையும் அசைக்கவில்லை, அத்தோடு விடுகிறேன்.

“விளம்பரத்தால் வளர்ந்த பாட்டு” என்று ஒரு குற்றச்சாட்டு. 1995-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 95-ஐ உலகத்துக்கு அறிமுகம் செய்தபோது இந்தப் பாட்டைப் பயன்படுத்தியது. உலகத்தில் உள்ள எந்தப் பாட்டையும் விலை கொடுத்து வாங்கக்கூடிய நிறுவனம், 14 வயதான பாட்டைத் தேடி வந்தது ஏன்? முதல் ரிஃப் விழுந்தவுடன் எந்த ஊர்க்காரனும் நிமிர்ந்து உட்காருவான் என்று அவர்களுக்குத் தெரியும். பாட்டின் புகழில் விளம்பரம் சவாரி செய்தது.

கடைசியாக, ஸ்டோன்ஸையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். 1989-இல் சண்டை தீர்ந்து கிளம்பிய ஸ்டீல் வீல்ஸ் பயணத்தில் மேடையைத் திறந்த பாட்டு எது? அப்போதுதான் 5-ஆம் இடம் பிடித்த ‘மிக்ஸ்டு எமோஷன்ஸ்’ இல்லை. ‘ஸ்டார்ட் மீ அப்’. அந்தப் புதுப்பாட்டு அந்தப் பயணத்தோடு மேடையை விட்டு இறங்கிவிட்டது. 2006-இல் டெட்ராய்ட் நகரில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை. மூன்றே பாட்டுக்குத்தான் நேரம். முதலில் ‘ஸ்டார்ட் மீ அப்’, கடைசியில் 1965-இன் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’, நடுவில் புது ஆல்பத்திலிருந்து ‘ரஃப் ஜஸ்டிஸ்’. இந்த அரங்கில் ‘ரஃப் ஜஸ்டிஸ்’ பாட்டை ஒரு வரி பாடத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். எதிரணியிலேயே தயங்குகிறார்கள் பாருங்கள்.

2024 ஏப்ரல் 28, ஹூஸ்டன். பயணத்தின் பெயரே ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’. புது ஆல்பத்தைக் கொண்டாடத்தான் கிளம்பியிருக்கிறார்கள். ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ பாட்டையும் அந்த இரவில் பாடினார்கள், மறைக்க மாட்டேன். ஆனால் எண்பது வயது மிக்கும் கீத்தும் பயணத்தின் முதல் இரவில், விளக்கு எரிந்ததும் அந்தக் கூட்டத்தின் முன்னால் முதலில் எடுத்த பாட்டு 43 ஆண்டுப் பழைய ‘ஸ்டார்ட் மீ அப்’. எதைக் கொடுத்தால் அரங்கம் எழும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நானும் இல்லை, எதிரணியும் இல்லை.

அவர்கள் சாட்சியத்தை ஏற்று, தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்க வேண்டும் என்று நடுவர் ஐயா அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.