இரண்டு நாள் லீவில் பார்த்து முடிக்க எந்த சீரீஸ், எந்த டாக்குமென்டரி?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு வேலை எதுவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே பார்த்து முடிக்க நல்ல சீரீஸ் சொல்லுங்கள். டாக்குமென்டரி என்றால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். தூக்கம் வராத மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்புறம், டப்பிங்கில் பார்க்கலாமா, சப்டைட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா?"

ஒரே கேள்விக்குள் மூன்று கேள்வி. சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஒரு தொடரை ஆரம்பிக்கும் முன் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். மொத்தம் எத்தனை மணி நேரம், கதை முடிந்துவிட்டதா. யார் நடித்திருக்கிறார்கள், எத்தனை ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பட்ட அனுபவம் அப்படி. ஒரு தொடரை மூன்று சீசன் தூக்கம் கெட்டுப் பார்த்தேன். மூன்றாவது சீசன் கடைசியில் நாயகனை ஒரு பாதாளத்தில் தள்ளிவிட்டு, நாலாவது சீசன் எடுக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அவன் இன்னும் கீழே போய்ச் சேரவில்லை.

அதனால் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் லிமிடெட் சீரீஸ் பக்கம் போங்கள். ஒரே சீசனில் கதை முடிந்துவிடும். என் முதல் சிபாரிசு 'செர்னோபில்'. 2019இல் வந்தது, ஐந்தே எபிசோட். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் சோவியத் யூனியனில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் உலை வெடித்ததில் கதை சூடுபிடிக்கிறது. பேய்ப் படத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. பேயாவது கண்ணுக்குத் தெரியும். இதில் ஆட்களைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கதிர்வீச்சு அளக்கும் கருவி கரகரவென்று சத்தம் போடும், அவ்வளவுதான், நமக்கு வயிற்றைக் கலக்கும். உலையிலிருந்து கூரையில் சிதறிக் கிடக்கும், கதிர்வீச்சு நிறைந்த கிராஃபைட் துண்டுகளை அள்ளிப்போட ஆட்களை மேலே அனுப்புவார்கள், 90 விநாடிக்கு மேல் ஒருவர் நிற்கக் கூடாது. அந்தக் காட்சியை ஏறக்குறைய அதே நேர அளவில், வெட்டாமல் காட்டுகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஆனால் அதில் வருவதெல்லாம் அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உலானா கோம்யுக் என்று ஒரு பெண் விஞ்ஞானி வருகிறாரே, அப்படி ஒருவர் கிடையாது. லெகாசோவ் என்ற நிஜ விஞ்ஞானியோடு உழைத்த பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம் என்று தொடரின் முடிவில் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கடைசி எபிசோடில் லெகாசோவ் நீதிமன்றத்தில் சிவப்பு, நீல அட்டைகளை வைத்து விளக்குவது பிரமாதமான காட்சி. நிஜத்தில் அவர் அந்த வழக்கு விசாரணைக்குப் போகவே இல்லை. எதையெல்லாம் மாற்றினோம் என்று எழுதியவர் கிரெய்க் மேசின் ஒரு பாட்காஸ்டில் எபிசோட் வாரியாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். தொடரை முடித்த கையோடு அதையும் கேளுங்கள், அதுவே தனி விருந்து.

இன்னும் குறைவான நேரம்தான் இருக்கிறது என்றால் 'அடோலசன்ஸ்', 2025இல் வந்தது. நாலு எபிசோட். ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட், இடையில் வெட்டே கிடையாது. 13 வயதுப் பையன் ஒருவனைக் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்கிறார்கள். யார் செய்தது என்று தேடுகிற கதை இல்லை, எப்படி இந்த இடத்துக்கு வந்தான் என்று கேட்கிற கதை. மூன்றாவது எபிசோடில் பெரும்பாலும் ஒரே அறைதான், அந்தப் பையனும் ஒரு உளவியலாளரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை முடித்ததும் கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். உடனே நாலாவதுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

'டார்க்' பற்றியும் பலர் கேட்கிறீர்கள். ஜெர்மன் தொடர், மூன்று சீசன், 26 எபிசோட், கதை முழுசாக முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு நாளில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். காலம் முன்னும் பின்னும் 33 வருடம் 33 வருடமாகத் தாவும். யாருக்கு யார் அப்பா என்பதே மாறிக்கொண்டிருக்கும். ஒரு பேப்பரில் நீங்களே குடும்ப மரம் வரைந்துகொள்ளுங்கள். இணையத்தில் தேடினால் முதல் படத்திலேயே குட்டு உடைந்துவிடும். அதேபோல 'தி வயர்', அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் போலீஸையும் போதைப்பொருள் கும்பல்களையும் பற்றியது, 60 எபிசோட். எழுதிய டேவிட் சைமன் பால்டிமோர் பத்திரிகை நிருபராக இருந்தவர், கூட இருந்த எட் பர்ன்ஸ் அங்கேயே போலீஸ் துப்பறிவாளர், அப்புறம் பள்ளி ஆசிரியர். அவ்வளவு விஷயம் இருக்கிற தொடரை வேகமாகப் பார்த்தால் பாதி கைநழுவிப் போகும். தினம் ஒன்று போதும்.

சரி, டாக்குமென்டரி. தூக்கம் வருகிறது என்றால் 'பிளானட் எர்த் 2' முதல் எபிசோடைப் போடுங்கள். கலாபகோஸ் தீவில் அப்போதுதான் மண்ணிலிருந்து வெளியே வந்த ஒரு இகுவானாக் குட்டி, பெரிய பல்லி மாதிரியான பிராணி. பாறை இடுக்கிலிருந்து பாம்புகள் கூட்டமாக வந்து துரத்துகின்றன. நான் சோபாவில் எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, நாம் பார்த்தது ஒரே குட்டி இல்லை, பல குட்டிகளின் ஓட்டத்தை ஒட்டி ஒரு துரத்தலாக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் டாக்குமென்டரியும் யாரோ ஒருவர் வெட்டி ஒட்டிச் சொல்கிற கதைதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் கண்ணோடு 'தி லாஸ்ட் டான்ஸ்' பாருங்கள். 1997-98இல் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியோடு கூடவே கேமரா போனது. எடுத்ததெல்லாம் 20 வருடத்துக்கு மேல் பெட்டியில் கிடந்து, 2020இல் பத்து எபிசோடாக வந்தது. கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் பார்க்கலாம். ஆனால் அந்த அணியின் நட்சத்திர வீரர் மைக்கேல் ஜோர்டானின் நிறுவனத்துக்கும் தயாரிப்பில் பங்கு உண்டு. யாருடைய சண்டையில் கடைசிப் பேச்சு யாருக்குக் கிடைக்கிறது என்று கவனித்துக்கொண்டே போங்கள், சுவாரசியம் இரட்டிப்பாகும்.

ஒரு சின்ன உபாயம். எபிசோட் முடிகிற இடத்தில் நிறுத்தவே முடியாது. அடுத்ததைப் போட வைக்கத்தான் அந்தக் கொக்கியை அங்கே மாட்டியிருக்கிறார்கள். அடுத்த எபிசோடில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நடுவில் நிறுத்துங்கள். அதற்குள் கொக்கி கழன்றிருக்கும். நெட்ஃபிளிக்ஸில் அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை செட்டிங்ஸில் அணைத்தும் வைக்கலாம்.

எது எந்த ஓடிடியில் இருக்கிறது என்று நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. உரிமை நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி கைமாறும். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள்.

கடைசியாக டப்பிங். இயற்கை டாக்குமென்டரிக்குத் தாராளமாக டப்பிங் வைத்துக்கொள்ளலாம். அங்கே கண்ணுக்குத்தான் வேலை, சப்டைட்டில் படிக்கப் போனால் பாம்பு தப்பிவிடும். 'டார்க்', 'அடோலசன்ஸ்' இரண்டையும் மூலமொழியிலேயே பாருங்கள். 'அடோலசன்ஸ்' பையன் பேச்சின் நடுவில் குரலை உயர்த்துகிற இடத்தை வேறு ஒருவர் குரலில் கேட்க வேண்டாம்.